காரைக்காலின் குடிநீரும் ஒரு குடல் ஏற்பியும்: ஜானகிராமன் இராமச்சந்திரனின் ஆய்வு வாழ்வை எப்படி மதிப்பிடுவது?

கேள்வியும் அதன் களமும்

2022 ஜூலை முதல் வாரத்தில் புதுச்சேரி அரசு காரைக்காலில் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. பள்ளிகள் சில நாள் மூடப்பட்டன, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மக்களிடம் சொல்லப்பட்டது, ஐயம் குடிநீர்க் குழாய்களின் மேல் விழுந்தது. காரைக்கால் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள துண்டு நிலம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, இன்று வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் புதுச்சேரியின் நிர்வாகத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. அரசலாறு கடலில் சேரும் இடம் அது; காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேடு பள்ளம் அதிகமில்லாத இப்படிப்பட்ட நிலத்தில் சாக்கடை எளிதில் வடிவதில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீரும் அருகருகே கிடக்க, நாளின் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் ஊரில், குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாக வெளியே உள்ளது உள்ளே போகிறது. காலரா பரவ இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் காலராக் கிருமியின் நச்சு குடல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது 1970களின் இறுதியிலேயே புரத அளவில் தெரிந்துவிட்டது. அதைப் போலவே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இன்னொரு நச்சு குடல் செல்லின் மேல் எந்த ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கும் எந்தப் புரதத்தில், ஒட்டுகிறது என்ற ஆராய்ச்சி 1990களின் தொடக்கத்தில் பெங்களூரிலேயே நடந்தது. அந்த ஆராய்ச்சி நடந்த நிறுவனத்தை வழிநடத்தியவர் ஜானகிராமன் இராமச்சந்திரன். புரதங்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன, ஒட்டியதும் செல்லுக்குள் செய்தி எப்படிப் போகிறது என்பதையே வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த உயிர்வேதியியலாளர். (கொலாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்ட சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரன் வேறு, இருவரும் ஒருவரே என்று எண்ணும் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.) இவர் காரைக்காலில் பணியாற்றியவர் அல்லர். ஆனாலும், ஏற்பிகளைப் பற்றிய இத்தனை அறிவு கடைமடை ஊரொன்றின் வயிற்றுப்போக்குக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்ற கேள்வியைக் கேட்காமல் இப்படியோர் ஆய்வு வாழ்வை எடை போட முடியாது. அந்தக் கேள்விக்கு உரைகல்லாகவே காரைக்காலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வழக்கமான இரண்டு கதைகள்

வெளிநாட்டில் பெயர் பெற்று நாடு திரும்பிய அறிவியலாளரைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் தயாராக இருக்கின்றன. முதலாவது பாராட்டுக் கதை: கலிபோர்னியாவில் தூய அறிவியல், பெங்களூரில் நாட்டுக்குப் பயன்படும் அறிவியல். இரண்டாவது குறைக் கதை: பயன்பாட்டுக்கு வந்ததும் ஆழம் போயிற்று, கடைசியில் பன்னாட்டு நிறுவனம் கதவைச் சாத்திவிட்டது, மிஞ்சியது என்ன? இரண்டு கதைகளும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கின்றன. ஆய்வாளரின் வாழ்வில் 'அடிப்படை', 'பயன்பாடு' என்று இரண்டு பாதிகள் உண்டு, ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்குகிறது என்பதே அந்த எண்ணம். இராமச்சந்திரனின் ஆய்வுக் கட்டுரைகளைக் கால வரிசையில் படித்தால் அந்தப் பிளவு தெரிவதில்லை. ஒரே கேள்விதான் பொருள் மாறிப் பொருள் மாறி வருகிறது: ஒரு மூலக்கூறு தன் ஏற்பியில் ஒட்டுவதும், ஒட்டிய பின் செல்லை இயக்குவதும் ஒரே நிகழ்ச்சியா, இரண்டா? இரண்டு என்றால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நடக்க வைக்க முடியுமா?

இக்கேள்வியை மையமாக வைத்தால், அந்த வாழ்வின் சாதனை எது, குறை எது என்ற கணக்கும் மாறுகிறது. அறிவியல் ஆழம் குறைந்ததைக் குறையாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஒட்டுவது, இயக்குவது என்ற பிரிவை அறிந்த பிறகு அந்த அறிவு நோயாளியை அடையும் வழியை எந்த நிறுவனமும் அமைக்காமல் போனதே உண்மையான குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு ஹார்மோனும் அதன் ஒன்பதாம் இடமும்

தொடக்கம் ஏசிடிஎச் என்ற ஹார்மோன். மூளையடிச் சுரப்பியிலிருந்து வெளிவந்து, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியை ஸ்டீராய்டுகள் உண்டாக்கத் தூண்டுவது. 39 அமினோ அமிலங்களாலான சங்கிலி. அதன் முதல் 24 இருந்தாலே வேலை முழுதும் நடக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சோ ஹாவ் லீ நடத்திய ஹார்மோன் ஆய்வகம் 1960களின் தொடக்கத்தில் இச்சங்கிலியின் துண்டுகளை வேதிமுறையில் செய்யும் போட்டியில் சுவிட்சர்லாந்தின் ஷ்வைசர், பிட்ஸ்பர்கின் ஹாஃப்மன் ஆகியோரோடு முன்வரிசையில் நின்றது. லீயோடு சேர்ந்து எழுதியவர்களில் இளைஞரான இராமச்சந்திரனும் ஒருவர். துண்டுகளைச் செய்து பார்த்ததில் ஓர் ஒழுங்கு தெளிந்தது. 15 முதல் 18 வரையான இடங்களில் நேர்மின்னேற்றமுள்ள நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன; அவை ஏற்பியில் இறுகப் பிடிக்க உதவுகின்றன. 6 முதல் 10 வரையான பகுதி செல்லை இயக்குகிறது. விலாசம் ஓரிடத்தில், செய்தி இன்னோரிடத்தில்.

செய்திப் பகுதியின் நடுவே, ஒன்பதாம் இடத்தில், டிரிப்டோஃபான் இருக்கிறது. அதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் நைட்ரோஃபினைல் சல்ஃபினைல் என்ற வேதிக்குழுவை ஏற்றிப் பார்த்தார் இராமச்சந்திரன். 1970இல் வெளியான முதல் முடிவு: கொழுப்புச் செல்களில் இந்த மாற்று ஹார்மோன் இயக்கியாக இல்லை, தடையாக நடந்துகொண்டது. ஏற்பியில் ஒட்டியது, ஆனால் கொழுப்பை உடைக்கும் வேலையைத் தொடங்கி வைக்கவில்லை. உண்மையான ஹார்மோனுக்கும் வழி விடவில்லை. 1973இல் மோய்ல், காங் ஆகியோருடன் எழுதிய கட்டுரை இதைவிடச் சிக்கலானது. எலியின் அட்ரினல் செல்களில் அதே மாற்று ஹார்மோன் ஸ்டீராய்டு உற்பத்தியைத் தாராளமாகத் தூண்டியது, ஆனால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி அளவு ஏறவே ஏறாதது போலத்தான் இருந்தது. சதர்லண்டும் ராலும் 1950களின் பிற்பகுதியில் கண்டறிந்த இம்மூலக்கூறே ஹார்மோன் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் 'இரண்டாம் தூதுவர்' என்பது அன்றைய நிலைபெற்ற கருத்து. சதர்லண்டுக்கு 1971இல்தான் நோபல் பரிசு கிடைத்திருந்தது. அட்ரினலில் ஏசிடிஎச் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்துகிறது என்று ஹேய்ன்ஸ் 1958லேயே காட்டியிருந்தார். தூதுவர் வராமலே வேலை நடக்கிறது என்றால் கொள்கையில் ஏதோ இடிக்கிறது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. அட்ரினலில் உண்மையான தூதுவர் வேறொன்று, சைக்ளிக் ஏஎம்பி உடன் நிகழும் பக்க விளைவு என்பது ஒன்று. செல் தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் வசதி வைத்திருக்கிறது, ஸ்டீராய்டு உற்பத்திக்கு அதில் மிகச் சிறு பங்கே போதும், அந்தச் சிறு பங்கு அன்றைய அளவீட்டின் கண்ணில் படவில்லை என்பது மற்றொன்று. 1970களின் இறுதியில் பெர்னார்டு ஷிம்மர் குழுவினர் சைக்ளிக் ஏஎம்பியால் இயங்கும் கைனேஸ் நொதி பழுதுபட்ட அட்ரினல் செல் வகைகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தபோது, அவற்றில் ஏசிடிஎச்சின் பலன் குன்றியிருந்தது. தராசு இரண்டாம் விளக்கத்தின் பக்கம் சாய்ந்தது. இதை வைத்து 1973ஆம் ஆண்டுக் கட்டுரை தோற்றுவிட்டது என்று சொல்வது மேலோட்டமான வாசிப்பு. சதர்லண்டைக் கவிழ்ப்பது அதன் பலன் அன்று. செய்தியின் அளவும் விளைவின் அளவும் ஒன்றோடொன்று நேர்விகிதத்தில் இல்லை, ஒரே மூலக்கூறு ஒரு திசுவில் தடையாகவும் இன்னொரு திசுவில் இயக்கியாகவும் இருக்க முடியும் என்பதை ஒரே ஒரு வேதி மாற்றத்தால் அது காட்டியது. இன்று மருந்தியலில் பகுதி இயக்கிகள் என்றும் மிகை ஏற்பிகள் என்றும் பாடமாக நடத்தப்படுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அதிகம் இல்லை.

1981இல் பக்லியும் இராமச்சந்திரனும் கதிரியக்கம் ஏற்றிய ஏசிடிஎச் ஒப்புருவைக் கொண்டு அட்ரினல் செல்லின் மேல் உள்ள ஏற்பிகளை எண்ணினார்கள். செல்லுக்குச் சில ஆயிரம் மட்டுமே. ஆனால் பிடி மிக இறுக்கமானது. இந்த எண்ணிக்கைக்கு உண்மையான அட்ரினல் செல்லையே எடுத்துக்கொண்டது எவ்வளவு சரியான முடிவு என்பது பின்னால்தான் விளங்கியது. 1992இல் ஏசிடிஎச் ஏற்பியின் மரபணு கண்டறியப்பட்டும், அதை வேறு வகைச் செல்லில் வைத்தால் ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வரவே மறுத்தது. எம்ராப் என்ற துணைப் புரதம் அதன் கையைப் பிடித்து மேலே கூட்டிவர வேண்டும் என்று 2005இல்தான் தெரிந்தது. ஏற்பியைத் தனியாகப் பிரித்தெடுத்துப் புரிந்துகொள்ள முடியாத இடங்கள் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

கூட்டுப் பெயர்களுக்கு நடுவே

1980களில் இராமச்சந்திரன் பணியாற்றிய ஜெனென்டெக் நிறுவனத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அவை பாடநூல்களில் இருக்கின்றன. அங்கே தனி ஒருவரின் பங்கைப் பிரித்துப் பார்ப்பதும் கடினம். 1985இல் மனித இன்சுலின் ஏற்பியின் முழு அமினோ அமில வரிசையை நேச்சர் இதழில் வெளியிட்ட உல்ரிச் குழுவின் பட்டியலில் 15 பெயர்கள். கடைசிப் பெயர் இராமச்சந்திரன். அதே ஆண்டு ரட்டரின் ஆய்வகத்திலிருந்து இன்னொரு குழுவும் அதே வரிசையை வெளியிட்டது. செல்லுக்கு வெளியே இன்சுலினைப் பிடிக்கும் பகுதி, உள்ளே டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிப் பகுதி. புற்றுநோய் உண்டாக்கும் சில மரபணுக்களின் புரதங்களோடு அந்த நொதிக்கு இருக்கும் உறவு. ஒட்டும் பகுதியும் இயக்கும் பகுதியும் ஒரே புரதத்தின் இரு முனைகளில் நிற்பது எழுத்துப் பிசகாமல் தெரிந்தது.

1987இல் அஷ்கெனாசி, இராமச்சந்திரன் முதலியோர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட எம்2 மஸ்கரினிக் ஏற்பி பற்றிய கட்டுரையே இவ்வாதத்துக்கு அதிகம் உதவுவது. ஒரே ஏற்பி, ஒரே செல்லுக்குள், சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் அடினைலில் சைக்ளேஸ் நொதியைத் தடுக்கவும் செய்கிறது, பாஸ்போஇனோசைடைடு என்ற வேறொரு செய்தி வழியைத் தூண்டவும் செய்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வலுவில் நடப்பதில்லை. ஒட்டுதல் ஒன்று, விளைவுகள் இரண்டு. 1970இலும் 1973இலும் இரண்டு திசுக்களில் தனித்தனியே கண்டதை இப்போது ஒரே செல்லுக்குள் காண முடிந்தது.

பெங்களூரில் ஒரு குடல் நச்சு

ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் பெங்களூரில் தொடங்கிய அஸ்ட்ரா ஆராய்ச்சி மையத்துக்கு இராமச்சந்திரன் தலைமையேற்றார். அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள்களில் ஒன்று எஸ்டி எனப்படும் வெப்பம் தாங்கும் குடல் நச்சு. ஈ. கோலை பாக்டீரியாவின் சில வகைகள் சுரக்கும் 18 அல்லது 19 அமினோ அமிலங்களாலான சின்னஞ்சிறு சங்கிலி இது. மூன்று கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் கொதிக்க வைத்தாலும் எளிதில் சிதையாது. குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கின் காரணங்களை ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் ஆராய்ந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு (கொல்கத்தாவும் அதன் களங்களில் ஒன்று) முன்னணிக் காரணங்களாகச் சொன்ன நான்கில் எஸ்டி சுரக்கும் ஈ. கோலையும் உண்டு.

காலரா நச்சையும் எஸ்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இக்கட்டுரையின் கேள்வி முழு உருவம் பெறுகிறது. காலரா நச்சு இரண்டு பாகமாகப் பிரிந்தே வருகிறது. ஐந்து 'பி' துணையலகுகள் குடல் செல்லின் மேல் உள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பு-சர்க்கரைக் கூட்டில் ஒட்டுகின்றன. ஒரே ஒரு 'ஏ' துணையலகு உள்ளே நுழைந்து, ஜி புரதங்களுள் ஒன்றான ஜிஎஸ்ஸை நிறுத்த முடியாதபடி இயங்க வைக்கிறது; அதனால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. ஜிஎஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் நொதி வேலையைக் காலரா நச்சு முடக்குகிறது என்று காசெலும் செலிங்கரும் 1977இல் காட்டியதும், ஜி புரதங்களுக்காக கில்மனும் ராட்பெல்லும் 1994இல் நோபல் பரிசு பெற்றதும் ஒரே வரலாற்றின் பகுதிகள். இந்த நச்சு இல்லாமல் ஜி புரதங்களின் வேலையை அத்தனை விரைவாக அறிந்திருக்க முடியாது. அந்த வரலாற்றின் முதல் பக்கத்தில், 1959இல் கல்கத்தாவில் முயலின் குடல் சுருளைக் கட்டி அதற்குள் காலராக் கிருமியின் வடிநீரைச் செலுத்தி நச்சின் இருப்பைக் காட்டிய சம்பு நாத் டே நிற்கிறார். கிருமி ஊடுருவாமலே, அது வெளிவிட்ட பொருள் மட்டுமே குடலில் நீரைப் பெருக்குகிறது என்று அவர் நிறுவியிராவிட்டால், பின்னால் வந்தவர்கள் தூய்மைப்படுத்த எதைத் தேடியிருப்பார்கள்?

எஸ்டிக்குத் தனித்தனி பாகங்கள் இல்லை, செல்லுக்குள் நுழைவதும் இல்லை. குவானிலில் சைக்ளேஸ் சி என்ற ஏற்பியில் வெளியிலிருந்தே ஒட்டி, உள்ளே சைக்ளிக் ஜிஎம்பியை ஏற்றுகிறது. 1990இல் கார்பர்ஸ் குழு எலியின் ஏற்பி மரபணுவைக் கண்டறிந்தது. 1992இல் அந்த ஏற்பிக்கு உடலே சுரக்கும் குவானிலின் கண்டறியப்பட்டது. அதாவது நச்சு புதிதாக ஒரு வழியை வெட்டவில்லை. உடல் தனக்கென வைத்திருந்த வழியில் மிகையாகப் போகிறது. அதே ஆண்டுகளில் பெங்களூரில் சந்தியா விஸ்வேஸ்வரய்யா, இராமச்சந்திரன் முதலியோர் மனிதப் பெருங்குடல் செல் வகையான டி84இலிருந்து மனித ஏற்பியைப் பகுதியளவு தூய்மைப்படுத்தி, அதன் இயல்புகளை 1994இல் வெளியிட்டனர். காலராவின் சைக்ளிக் ஏஎம்பியும் எஸ்டியின் சைக்ளிக் ஜிஎம்பியும் வெவ்வேறு கைனேஸ்கள் வழியாகச் சென்று முடிவில் சேரும் இடம் ஒன்றே: சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயில். அது திறந்ததும் குளோரைடு குடலுக்குள் பாய்கிறது, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன.

பெங்களூரில் விதைத்தது அங்கேயே தொடர்ந்தது. விஸ்வேஸ்வரய்யா இந்திய அறிவியல் நிறுவனத்தில் இதே ஏற்பியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஏற்பியின் உட்பகுதியில் கைனேஸ் போலத் தோற்றமளித்தும் கைனேஸ் வேலை செய்யாத ஒரு பகுதி அதன் இயக்கத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதை மாதிரியமைத்தும் மாற்றியமைத்தும் பார்த்தார். சார்க் என்ற கைனேஸ் இந்த ஏற்பியைத் தொட்டு அதன் குரலை அடக்குகிறது என்றும் அவர் குழு 2009இல் காட்டியது. 2012இல் நார்வேயைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் 32 பேரைப் பற்றிய கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. குவானிலில் சைக்ளேஸ் சியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் எந்தக் கிருமியும் இல்லாமலே அவர்களுக்கு வாழ்நாள் வயிற்றுப்போக்கு. மாறிய ஏற்பியின் நடத்தையை ஆராய்ந்த பெங்களூர் ஆய்வாளர்களின் பெயர்கள் அக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் உள்ளன. வெப்பமண்டலத்து நச்சுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி வட ஐரோப்பாவின் ஒரு குடும்பத்தின் நோயை விளக்கிற்று.

அதே 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லினாக்ளோடைடு என்ற மருந்துக்கு அனுமதி தந்தது. 14 அமினோ அமிலங்கள் கொண்ட, எஸ்டியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட, இதே ஏற்பியைத் தூண்டும் மருந்து. எதற்கு? நாள்பட்ட மலச்சிக்கலுக்கு. ஏழை நாட்டுக் குழந்தைகளின் நோயிலிருந்து பிறந்த அறிவு வசதியுள்ளவர்களின் சிக்கலைத் தீர்த்தது என்று ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இதற்கு அறிவியல் காரணமும் ஒன்று உண்டு. ஏற்பியைத் தூண்டும் பொருளுக்கு இயற்கையே மாதிரி தந்திருந்தது; இறுக ஒட்டி, இயக்காமல் நிற்கும் பொருளைச் செய்வது அதைவிடக் கடினம். 1970இல் கொழுப்புச் செல்லில் ஏசிடிஎச்சுக்குக் கைகூடியது எஸ்டிக்கு மருந்துக்கடை வரை கைகூடவில்லை.

மறுப்புகள்

ஒரே கேள்வி தொடர்கிறது என்பது கட்டுரையாளர் பின்னோக்கிப் பார்த்துக் கட்டிய வடிவம் அல்லவா என்று கேட்கலாம். இன்சுலின் ஏற்பிக் கட்டுரையில் 15 பேர். அவர்களுள் ஒருவரின் கேள்வியை மட்டும் பிரித்தெடுப்பது நியாயமா? அக்கட்டுரையைப் பொறுத்தவரை இம்மறுப்பு செல்லும். அதனால்தான் அதைச் சுருக்கமாகக் கடந்தேன். ஆனால் அந்த வாழ்வின் கடைசிப் பகுதி தொடர்ச்சிக்குச் சான்றாக நிற்கிறது. 2000இல் இராமச்சந்திரன் காங்காஜென் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களான ஃபேஜ்களிலிருந்து மருந்து செய்வது அதன் நோக்கம். அங்கே உருவான பி128 என்ற புரதத்தில் ஃபேஜ் ஒன்றின் செல்சுவரை வெட்டும் பகுதியும், லைசோஸ்டாஃபின் என்ற வேறொரு புரதத்தின் ஸ்டாஃபிலோகாக்கஸ் சுவரில் ஒட்டும் பகுதியும் இணைக்கப்பட்டன. ஒட்டுவதை ஓரிடத்திலிருந்தும் செயல்படுவதை இன்னோரிடத்திலிருந்தும் எடுத்துப் புதிதாகச் சேர்த்த புரதம். ஏசிடிஎச்சில் பிரித்துப் பார்த்ததை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சேர்த்துக் கட்டினார்கள். இதையும் பலர் சேர்ந்தே செய்தார்கள்; ஆனால் கேள்வியின் வடிவம் தற்செயலாகத் திரும்பி வந்தது என்று கருத இயலவில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. காரைக்காலுக்கு வேண்டியது ஒட்டாத குழாய் இணைப்பைச் சரிசெய்யும் ஆள், குளோரின், பொது மருத்துவமனையில் ஓஆர்எஸ் பொட்டலம். ஏற்பி ஆராய்ச்சி அன்று. ஓஆர்எஸ் பிறந்த கதையும் இம்மறுப்புக்கே துணை நிற்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே குடல் செல்லுக்குள் போகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960இல் முன்மொழிந்தார். 1971இல் பாங்கான் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து, சுமார் 30 விழுக்காடாக இருந்த காலராச் சாவை 3.6 விழுக்காடாகக் குறைத்தார். ஜி புரதமும் குவானிலில் சைக்ளேஸ் சியும் யாருக்கும் தெரியாத காலம் அது. இதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் குழாயே போதும் என்ற முடிவு இதிலிருந்து வராது. ஓஆர்எஸ் வேலை செய்வது நச்சு திறந்துவிட்ட வாயில் ஒன்று, குளுக்கோஸோடு சோடியத்தை உள்ளிழுக்கும் வாயில் வேறொன்று, இரண்டாவதை நச்சு தொடுவதில்லை என்பதால். ஓஆர்எஸ் உயிரைக் காப்பாற்றுகிறது; ஆனால் போக்கின் அளவை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். இராமகிருஷ்ணா குழுவினர் எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓஆர்எஸ்ஸில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, போக்கின் அளவும் நாளும் குறைவதை 2000இல் வெளியிட்டனர். செரிக்காத மாவு பெருங்குடலில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாறி அங்கே சோடியத்தையும் நீரையும் இழுத்துக்கொள்ளச் செய்கிறது. வாயில்களின் கணக்கு தெரிந்தவர்களுக்கே இந்த யோசனை வரும். குழாய் சரியாக இருந்தால் நோயே வராது என்பது உண்மை. 2022இலும் அது சரியாக இல்லை என்பதும் உண்மை.

நிறுவனத்தைப் பற்றிய மறுப்பும் ஒன்று உண்டு. அஸ்ட்ரா இணைப்பின் வழியாக அஸ்ட்ராசெனகாவான பின் பெங்களூர் ஆராய்ச்சிப் பிரிவு காசநோய், மலேரியா என்று வறியவர் நோய்களையே எடுத்துக்கொண்டது. 2014இல் நிறுவனம் அதை மூட முடிவெடுத்தது. எங்கோ எடுக்கப்படும் வணிக முடிவுக்கு உட்பட்ட இடத்தில் இப்படியோர் ஆராய்ச்சியை வைத்ததே தவறு என்பார் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1980களின் இறுதியில் ஏற்பி ஆராய்ச்சிக்கு வேண்டிய செல் வளர்ப்பும் கதிரியக்கக் கருவிகளும் நம் பல்கலைக்கழகங்களில் அரிதாக இருந்த நிலையில், அந்த மையம் இல்லாமல் எஸ்டி ஏற்பியைத் தேடும் பணி இங்கே தொடங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஆட்கள் பயிற்சி பெற்று வெளியே சென்றார்கள். கேள்வி அவர்களோடு சென்றது. மூடப்பட்ட கட்டடத்தை மட்டும் பார்த்து அந்த ஆண்டுகள் வீண் என்று சொல்ல ஆதாரம் போதாது.

கடைமடையில் பெயரில்லாத நோய்

இனி உரைகல்லுக்கு வருவோம். காரைக்கால் போன்ற ஊரில் வயிற்றுப்போக்குப் பெருகும்போது மருத்துவமனை ஆய்வகம் எதைக் கண்டுபிடிக்கிறது? காலராக் கிருமியை. டிசிபிஎஸ் என்ற வளர்ப்பூடகத்தில் அது மஞ்சள் நிறத் திட்டுகளாக வளர்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. சீரம் வைத்து வகையையும் சொல்லிவிடலாம். 1992இன் இறுதியில் சென்னை முதலிய தமிழக ஊர்களில் ஓ139 என்ற புதிய வகை தலைகாட்டியபோது, பழைய சீரம் எதுவும் அதனோடு ஒட்டாததால்தான் அது புதியது என்று தெரிந்தது. எஸ்டி சுரக்கும் ஈ. கோலையின் நிலை வேறு. ஈ. கோலைக்கான வளர்ப்பூடகத்தில் அது நம் எல்லோர் குடலிலும் இருக்கும் சாதாரண ஈ. கோலையைப் போலவே இளஞ்சிவப்பாக வளரும். நச்சையோ அதன் மரபணுவையோ தேடினாலொழிய இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே காலரா 'இல்லை' என்று வந்த மலமாதிரிகள் பெரும்பாலும் 'கடும் வயிற்றுப்போக்கு' என்ற பொதுப் பெயரில் பதிவாகி மறைகின்றன. மனித எஸ்டி ஏற்பியைப் பெங்களூரில் பகுதியளவு பிரித்தெடுத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த நச்சு கடைமடை ஊர் ஒன்றில் எத்தனை பேரை ஒரு கோடையில் படுக்க வைக்கிறது என்று சொல்ல அந்த ஊரின் பதிவேட்டில் ஒரு நிரல்கூட இல்லை என்பதே இந்த ஆய்வு வாழ்வின் அளவுகோலில் தெரியும் உண்மையான இடைவெளி. இதற்கு இராமச்சந்திரனைப் பொறுப்பாக்க முடியாது. ஒட்டுவதையும் இயக்குவதையும் ஆராய்ந்தவர்களுக்கும் மலமாதிரியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் நடுவே நிற்க வேண்டிய அமைப்பு உருவாகவில்லை.

மரபணுச் சோதனைக்குச் செலவு அதிகம் என்ற பதில் கோவிட்டுக்கு முன் பொருந்தியிருக்கலாம். கோவிட் ஆண்டுகளில் பிசிஆர் கருவிகள் மாவட்ட அளவு வரை வந்தன. காரைக்காலில் ஜிப்மரின் கிளையும் இருக்கிறது. எஸ்டி மரபணுவைத் தேடுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மாதிரியை எடுத்து, குளிரில் வைத்து, காலரா இல்லை என்று வந்ததையும் தூக்கி எறியாமல் இரண்டாம் சோதனைக்கு அனுப்பும் நடைமுறைதான் தேவை. அதில் காரைக்காலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ நோய்ப்பட்டவரின் கணக்கு புதுச்சேரிக்குப் போகிறது. எல்லையைத் தாண்டிய அடுத்த கிராமத்தவரின் கணக்கு நாகப்பட்டினம் அல்லது மயிலாடுதுறை வழியாகச் சென்னைக்குப் போகிறது. இரு பக்கத்தவரும் எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ அங்கே போகிறார்கள். ஒரே ஆற்றுப்படுகையின் நோயை இரண்டு அரசுகளின் பதிவேடுகள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும்வரை, மரபணுச் சோதனை வந்தாலும் அதன் எண்கள் பாதிப் பாதியாகவே கிடைக்கும். இரண்டு நிர்வாகங்களின் மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பும் உடன்பாட்டிலிருந்துதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.